எவ்வளவு கயிறு விட்டிருக்கீங்க?

அம்மாபேட்டைக்காரனுக்கும் நங்கூரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் காவிரி. படகு என்றால் நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவில் ஆளையும் பைக்கையும் ஏற்றிக்கொண்டு போய்வரும் படகு, இல்லாவிட்டால் பரிசல். கடலை நான் முதன்முதலில் பார்த்ததே 24 வயதில்தான். அப்புறம் மலேசியாவில் லங்காவித் தீவில் 17 வருஷம், வாடகைக்கு விடும் பாய்மரப் படகுகளில் வேலை. சமையல் செய்திருக்கிறேன், பாய் தைத்திருக்கிறேன், இன்ஜினுக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறேன். கடைசிப் பத்து வருஷமும் சாயங்காலம் ஆனால் முதலாளி சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ராத்திரிக்கு எங்கே நிறுத்துவது என்பது என் பொறுப்பு.

இப்போது ஊரோடு வந்து மஞ்சள் வைத்துக்கொண்டிருக்கிறேன். தங்கச்சி மகனுக்கு அதே பக்கம் படகு வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னால், ஆனி மாதக் கடைசியில், ஒரு வாரம் அவனைக் கதவணைத் தண்ணீரில், அதாவது காவிரியில் மதகு வைத்துத் தேக்கிய தண்ணீரில், வைத்துப் பழக்கினேன். சொந்தக்காரர் ஒருவரின் மீன்பிடிப் படகு, ஒரு பரிசல், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். மதகு இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது முதல் பாடம். மீதிப் பாடம் இதுதான். படகு வேலைக்குப் போகிற வேறு பையன்களுக்கும் ஆகும் என்று எழுதுகிறேன்.

"ஏனுங் மாமா, இரும்பைத் தூக்கித் தண்ணிக்குள்ள போடறதுதானுங்க நங்கூரம்? இதுல என்னுங்க முறை?" என்று முதல் நாளே கேட்டான்.

பதில் சொல்லாமல் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். வரப்போரம் எருமை ஒன்றை முளைக்குச்சி அடித்துக் கட்டியிருந்தோம். சுற்றிலும் புல் வட்டமாக மொட்டை அடித்த மாதிரி இருந்தது. தாம்புக்கயிறு எத்தனை முழமோ அத்தனை முழத்துக்கு வட்டம். வட்டத்துக்கு வெளியே புல் முழங்கால் உயரம்.

"முளைக்குச்சிதான் மாப்ள நங்கூரம். எருமைதான் படகு. நங்கூரம் போட்ட எடத்துல படகு நிக்காது. அதைச் சுத்தி எங்க வேணும்னாலும் நிக்கும்."

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. பஸ் ஸ்டாண்டில் வண்டி நிறுத்துவது போல, "இந்தச் சந்தில் நம் படகு நுழையுமா" என்று பார்ப்பார்கள். படகு நுழையும். ஆனால் உனக்கு வேண்டியது படகு அளவு இடம் இல்லை, கயிறு அளவு வட்டம். 12 மீட்டர் படகுக்கு 35 மீட்டர் சங்கிலி விட்டால், நங்கூரத்திலிருந்து படகின் வால்வரை கிட்டத்தட்ட 45 மீட்டர் வரும். அந்த வட்டத்துக்குள் வேறு யாருடைய படகும், பாறையும், மிதவையும் வரக் கூடாது என்று பார்த்தால் எந்தத் துறைமுகத்திலும் பத்துப் படகுக்கு மேல் நிற்க முடியாது. பிறகு எப்படி நாற்பது ஐம்பது நிற்கின்றன?

எருமை தன் இஷ்டத்துக்கு நடக்கும். படகு அப்படியில்லை. பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் போனால் காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து நிற்குமே, அதே மாதிரி துறைமுகத்தில் படகுகள் எல்லாம் காற்றுக்கு மூக்கைக் காட்டி நிற்கும். காற்று திரும்பினால் எல்லாம் சேர்ந்து திரும்பும். அதனால் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தாலும் படகுகள் முட்டுவதில்லை. ஆனால் அதற்கு இரண்டு விஷயம் ஒத்துப்போக வேண்டும். எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு கயிறு விட்டிருக்க வேண்டும். எல்லாப் படகும் ஏறக்குறைய ஒரே மாதிரி திரும்புகிறதாக இருக்க வேண்டும்.

இதில் முதல் விஷயத்துக்குத்தான் தலைப்பில் இருக்கிற கேள்வி. நெரிசலான துறைக்குள் போனதும், நிற்கப்போகிற இடத்துக்குப் பக்கத்துப் படகை மெதுவாக ஒட்டிப் போய், "எவ்வளவு கயிறு விட்டிருக்கீங்க? நங்கூரம் எங்க கிடக்குது?" என்று கேட்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டவனை யாரும் முறைத்ததை நான் பார்த்ததில்லை. கேட்காமல் போட்டவனை விடிய விடிய முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் 30 மீட்டர் என்று சொன்னால், நீயும் அந்த அளவை ஒட்டித்தான் விட வேண்டும். அந்த அளவு உனக்குப் பத்தாது என்றால் வேறு இடம் பார்.

முன்னால் வந்தவருக்குத்தான் உரிமை. பின்னால் வந்தவர்தான் விலக வேண்டும். அவர் ரொம்ப அதிகமாகக் கயிறு விட்டிருக்கிறார், அநியாயமாக இடத்தை அடைத்திருக்கிறார் என்று உனக்குத் தோன்றலாம். தோன்றட்டும். அவர் படகு பழசாக, அழுக்காக இருக்கலாம், உன் முதலாளி படகு புதுசாக இருக்கலாம். அதெல்லாம் கணக்கில் வராது. அவர் "இங்க வேண்டாங்க, ராத்திரி இடிக்கும்" என்று சொல்லிவிட்டால் நங்கூரத்தைத் தூக்கிவிட வேண்டியதுதான்.

சரி, எவ்வளவு விடுவது? முளைக்குச்சியைப் பிடுங்க வேண்டும் என்றால் மேலே பார்த்து இழுப்போம். பக்கவாட்டில் இழுத்தால் வராது. எருமை அத்தனை பலம் இருந்தும் குச்சியைப் பிடுங்க முடியாமல் நிற்பது அதனால்தான். நங்கூரமும் அப்படியே. தரையோடு தரையாக இழுபட்டால் பிடிக்கும், மேல்நோக்கி இழுபட்டால் கழன்றுவிடும். கயிறு நீளமாக இருந்தால் இழுப்பு தரையோடு போகும். சங்கிலி என்றால் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, பெரும்பகுதி கயிறு என்றால் ஏழு மடங்கு விடுவது வழக்கம். சங்கிலிக்குத் தன் கனமே தரையில் படுக்க வைக்கும், அதனால் குறைச்சல்.

ஆழம் என்பதைச் சரியாகக் கணக்குப் போட வேண்டும். தண்ணீர் இப்போது 4 மீட்டர். படகின் அணியம், அதாவது முன்மூக்கு, தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல் மட்டம், ஏறினால் இன்னும் 2 மீட்டர் கூடும். மொத்தம் 7. ஐந்து மடங்கு 35 மீட்டர். நாலைந்து இருபது என்று கணக்குப் போட்டவன் சாயங்காலம் நிம்மதியாகச் சாப்பிடுவான், ராத்திரி ஓதம் ஏறி, காற்றும் சேர்ந்தால் நங்கூரத்தோடு நகர்ந்துகொண்டிருப்பான். இடம் குறைச்சல் என்பதற்காகக் கயிற்றைக் குறைக்கவே கூடாது. 35 மீட்டருக்கு இடம் இல்லை என்றால் அங்கே உனக்கு இடம் இல்லை என்று அர்த்தம்.

விட்ட நீளம் தெரிய வேண்டும் என்றால் சங்கிலியில் அடையாளம் வேண்டும். 10 மீட்டருக்கு ஒரு வளையத்துக்குச் சிவப்பு, 20 மீட்டருக்கு அடுத்தடுத்து இரண்டு வளையம், 30-க்கு மூன்று. இதை நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு கதை இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். லங்காவியில் குவா என்ற ஊரின் துறை. இருட்டுகிற நேரம், நாற்பது படகுக்குக் குறையாமல் நிற்கிறது. முதலாளி கரையில் இருந்தார். நானும் இன்னொரு பையனும் மட்டும். ஒரு சந்து தெரிந்தது. அப்பாடா என்று போய் நங்கூரத்தைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் இரும்புப் படகு ஒன்று, அதில் தனியாக ஒரு கிழவர். அவரைக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், அவரும் ஆட்டினார். அது சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி இரண்டரை மணிக்கு 'டொக்' என்று ஒரு சத்தம். எழுந்து ஓடினால், எங்கள் படகின் அமரம், பின்பக்கம், அவர் படகின் மூக்கில் போய் உட்கார்ந்திருந்தது. நங்கூரம் கழலவில்லை. காற்று செத்துப்போய், ஓதம் திரும்பியிருந்தது. அவ்வளவுதான். அவர் படகு நீரோட்டத்துக்குத் தக்கபடி திரும்பிவிட்டது, எங்களுடையது பாதி வழியில் நின்றுகொண்டது. கிழவர் அரைக்கால் சட்டையோடு, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் காற்றடைத்த முட்டுப் பையைப் படகுகளுக்கு நடுவில் திணித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கத்துவார் என்று நினைத்தேன். "பெராப்பா மீட்டர் ரந்தாய்?" என்றார். எத்தனை மீட்டர் சங்கிலி என்று அர்த்தம். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சுமாராக எவ்வளவு என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. அவர் டார்ச்சை என் முகத்தில் ஒரு நிமிஷம் வைத்திருந்தார். அப்புறம் அணைத்துவிட்டார். நீரோட்டம் நன்றாகப் பிடிக்கும்வரை, முக்கால் மணி நேரம், இரண்டு பேரும் பேசாமல் படகுகளைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

விடிந்து பார்த்தால் எங்கள் வெள்ளைப் படகில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கோடு. அதைத் தேய்த்து எடுத்த செலவு என் சம்பளத்தில் போயிற்று. அன்றைக்கே சிவப்புப் பெயிண்ட் வாங்கிச் சங்கிலியைக் கரையில் நீட்டிப் போட்டு அளந்தேன்.

இரண்டாவது விஷயம் அந்த இரவிலேயே இருக்கிறது. படகுகள் ஒரே மாதிரி திரும்பவில்லை. அடியில் ஆழமாக இறங்கிய கனமான படகு நீரோட்டத்தின் பேச்சைக் கேட்கும். மேலோட்டமாக மிதக்கிற, உயரமாக அறை கட்டிய படகு காற்றின் பேச்சைக் கேட்கும். மாப்பிள்ளைக்கு இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் செய்து காட்டினேன். கதவணைத் தண்ணீரில் இழுப்பு வடக்கிலிருந்து தெற்கே. ஆனிக் காற்று மேற்கிலிருந்து. மீன்பிடிப் படகை நங்கூரம் போட்டு நிறுத்தினோம். அதற்குக் கிழக்கே பதினைந்தடி தள்ளி, கல் கட்டிய கயிற்றில் பரிசலை விட்டோம். படகில் ஐஸ் பெட்டியும் நாங்களும் இருந்த கனத்துக்கு அது வடக்கே மூக்கை வைத்து அசையாமல் நின்றது. பரிசல் கூடையைக் கவிழ்க்காமல் தண்ணீரில் வைத்தது போலத்தானே, அடியில் ஒன்றுமில்லை. காற்று தள்ளிய பக்கம் கிழக்கே போய்க் கயிறு இழுத்து நின்றது. "சரிதானுங் மாமா, தள்ளித்தான் நிக்குது" என்றான். கொஞ்சம் பொறு என்றேன். பரிசலின் கல்லைத் தூக்கி, படகுக்கு மேற்கே அதே பதினைந்தடியில் போடச் சொன்னேன். போட்டு ஒரு நிமிஷம் ஆகவில்லை, பரிசல் நேராக வந்து படகின் விலாவில் உட்கார்ந்தது. தள்ளிவிட்டான். மறுபடி வந்தது. அதற்கப்புறம் கேள்வி கேட்கவில்லை.

ஆக, துறைக்குள் நுழைந்ததும் உன் படகைப் போன்ற படகுகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்து அங்கே போ. பாய்மரப் படகு பாய்மரப் படகுகளோடு, இரட்டை உடல் படகு அதன் இனத்தோடு. யாராவது முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போட்டுக் கட்டிவைத்த மாதிரி நின்றால் அவர் திரும்பவே மாட்டார். அவர் பக்கத்தில் ஒற்றை நங்கூரத்தோடு நிற்காதே. அதே மாதிரி எல்லாரும் ஒற்றை நங்கூரத்தில் சுற்றும் இடத்தில் நீ மட்டும் இரண்டு போட்டுக்கொண்டு நிற்காதே.

நுழையும்போது அவசரம் வேண்டாம். ஒரு சுற்று வெறுமனே சுற்றி வா. மற்ற படகுகளின் மூக்கு எந்தப் பக்கம், சங்கிலி எந்தச் சாய்வில் தண்ணீருக்குள் இறங்குகிறது என்று பார். நின்றிருக்கும் படகின் மூக்குக்கு முன்னால் குறுக்கே போகாதே, அங்கேதான் அவர் கயிறு இருக்கிறது. பின்பக்கமாகச் சுற்றிப் போ.

எங்கே போடுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த சுலபமான வழி இது: முன்னால் நிற்கும் படகின் வாலுக்குச் சற்றே பின்னால் நங்கூரத்தை இறக்கு. பார்ப்பதற்கு ரொம்ப நெருக்கமாகத் தெரியும், முதல் தடவை பயமாகக்கூட இருக்கும், அந்தப் படகுக்காரரும் எழுந்து நின்று பார்ப்பார். ஆனால் நீ 35 மீட்டர் விட்டுப் பின்னால் போய் நிற்கும்போது நடுவில் தாராளமாக இடம் இருக்கும். நிறையப் பேர் படகு நிற்க வேண்டிய இடத்தில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பிறகு பின்னால் போய் அடுத்தவர் மேல் விழுவார்கள். எழுந்து நிற்பவரிடம் கையைக் காட்டி, "35 மீட்டர் விடறேன், பின்னால போயிடுவேன்" என்று சொல்லிவிட்டால் உட்கார்ந்துவிடுவார்.

இனி போடுகிற விதம். எங்கள் ஊர்ப் பையனுக்கு இது சுலபமாகப் புரியும், ஏனென்றால் நங்கூரத்தில் கலப்பை வகை என்றே ஒன்று இருக்கிறது. ஜி. ஐ. டெய்லர் என்ற இங்கிலாந்து இயற்பியல்காரர் 1933-ல் வடிவமைத்தது. கலப்பையின் முனையில் இரண்டு பக்கமும் மண்ணை ஒதுக்கும் இரும்புக் கொழு போலவே இருக்கும். லங்காவியில் முதன்முதலில் அதைப் பார்த்தபோது, அட நம்ம கலப்பை என்றுதான் தோன்றியது. ஏர் பிடித்தவனுக்குத் தெரியும், கொழு மண்ணில் இறங்குவதற்கு முன் மாட்டை விரட்டினால் கலப்பை மேலாகவே சறுக்கிக்கொண்டு போகும். முதல் நாலு அடி மாடு மெதுவாக நடக்க வேண்டும், மேழியில், அதாவது கைப்பிடியில், கையை அழுத்த வேண்டும், கொழு இறங்கியபிறகு விரட்டலாம்.

நங்கூரத்தைத் தூக்கி எறியாதே, கை மாற்றி மாற்றி மெல்ல இறக்கு. தரையைத் தொட்டது கையில் தெரியும், கயிறு கொஞ்சம் தளரும். அந்த நேரத்தில் படகு காற்றோடோ ரிவர்ஸ் கியரிலோ மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருக்க வேண்டும். படகு நிற்கும்போது சங்கிலியைக் கொட்டினால் நங்கூரத்தின் தலையிலேயே குவியலாக விழுந்து அதிலேயே சிக்கிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு விட்டதும் லேசாகப் பிடி. கொழு மண்ணில் இறங்கட்டும். அப்புறம் மீதியை விடு. முழுக்க விட்டுக் கட்டியபிறகுதான் ரிவர்ஸில் இன்ஜினை முறுக்கிப் பார்க்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

அப்போது சங்கிலியில் உள்ளங்கையை வைத்துப் பார். நங்கூரம் இழுபட்டுக்கொண்டிருந்தால் கரகரவென்று ஒரு நடுக்கம் கைக்கு வரும், மாட்டுவண்டி கப்பிரோட்டில் போகிற மாதிரி. பிடித்துவிட்டால் நடுக்கம் நின்று சங்கிலி விறைத்து மேலே எழும், படகு ஒரு தடவை முன்னுக்கு இழுபடும். நெரிஞ்சிப்பேட்டையில் ஒரு இடத்தில் மாப்பிள்ளை மூன்று தடவை போட்டும் கரகரப்பு நிற்கவில்லை. கீழே பாறை. நாலாவது தடவை போட வேண்டாம், இடத்தை மாற்று என்றேன். ஐம்பதடி தள்ளி வண்டல், முதல் தடவையே பிடித்தது.

கையை நம்பாதவர்கள் கண்ணையும் வைத்துப் பார்க்கலாம். கரையில் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருளை நேர்கோட்டில் வைத்துக்கொள். நாங்கள் பூலாம்பட்டிக் கரையில் ஒரு தென்னை மரமும் அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்துக்கொண்டோம். ரிவர்ஸில் முறுக்கும்போது தென்னை தொட்டியை விட்டு நகரவில்லை என்றால் படகும் நகரவில்லை. ராத்திரிக்கு விளக்குகளை வைத்து இதையே செய்யலாம். போனில் இப்போது நகர்ந்தால் கூவும் வசதி எல்லாம் வந்துவிட்டது. நல்லதுதான், ஆனால் போன் சார்ஜ் தீர்ந்துபோகும், தென்னை மரம் தீராது.

போட்டு முடித்து டீ வைத்தபிறகும் அரை மணி நேரம் படகிலேயே இரு. உடனே கரைக்கு ஓடாதே. பக்கத்துப் படகோடு உனக்குள்ள தூரம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்.

ராத்திரிக்கு விளக்கு. நங்கூரமிட்ட படகு எல்லாப் பக்கமும் தெரிகிற ஒற்றை வெள்ளை விளக்கு காட்ட வேண்டும், பகலில் முன்பக்கம் ஒரு கறுப்பு உருண்டை. 1972-ம் வருஷத்துச் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் சொல்வது இது. 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்குச் சலுகை உண்டு, ஆனால் குறுகிய கால்வாய், கப்பல் பாதை, நங்கூர இடம், மற்ற படகுகள் வழக்கமாக வந்துபோகும் இடம், இங்கெல்லாம் அந்தச் சலுகை கிடையாது. அலங்காரத்துக்காக நீலமும் பச்சையுமாகக் கோயில் நோம்பி மாதிரி சீரியல் செட் போட்டுக்கொண்டு, வெள்ளை விளக்கை மட்டும் போடாமல் நிற்கும் படகுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சத்தம் இன்னொன்று. பாய்மரத்தில் தளர்ந்து தொங்கும் கயிறு ராத்திரி முழுக்க 'டிங் டிங்' என்று கம்பத்தில் அடிக்கும். உனக்குப் பழகியிருக்கும், பக்கத்துப் படகில் தூங்குகிறவருக்குப் பழகியிருக்காது. படுக்கப்போவதற்கு முன் இழுத்துக் கட்டு. ஜெனரேட்டர் ஓட்டுவது சாயங்காலத்தோடு முடியட்டும். சின்னப் படகில் கரைக்குப் போகும்போது நின்றிருக்கும் படகுகளுக்கு நடுவில் வேகமாகப் போகாதே. உன் அலையில் யாருடைய அடுப்பிலிருந்தோ பால் கொட்டும்.

இனி, எவ்வளவு பார்த்துப் போட்டாலும் ஒருநாள் நடப்பது. காலையில் நங்கூரத்தைத் தூக்குகிறாய், பாதியில் கனக்கிறது, மேலே வந்தால் உன் கொழுவில் இன்னொருத்தர் சங்கிலி மாட்டிக்கொண்டு வருகிறது. பதறாதே, வெட்டாதே, முரட்டுத்தனமாக இழுக்காதே. அந்தச் சங்கிலியில்தான் அவர் படகு நிற்கிறது. முதலில் அவரைக் கூப்பிட்டுச் சொல். பிறகு ஒரு கயிற்றை அவர் சங்கிலிக்கு அடியில் நுழைத்து, இரண்டு முனையையும் உன் படகிலேயே கட்டு. இப்போது அவர் சங்கிலியின் பாரம் உன் கயிற்றில் தொங்குகிறது. உன் நங்கூரத்தை ஒரு முழம் கீழே இறக்கினால் கொழு தானாகக் கழன்று வரும். அதை மேலே ஏற்றியபிறகு கயிற்றின் ஒரு முனையை மட்டும் அவிழ்த்துவிடு. அவர் சங்கிலி தண்ணீருக்குள் போய்விடும், உன் கயிறு உன்னிடம் இருக்கும். இதைக் கதவணையில் இரண்டு கயிற்றை வேண்டுமென்றே சிக்கவைத்து ஆறு தடவை செய்ய வைத்தேன். இந்த வேலையில் விரலைச் சங்கிலிக்கும் படகுக்கும் நடுவில் கொடுத்தவர்களுக்கு விரல் இருக்காது. கையுறை இருந்தாலும் அப்படித்தான்.

பக்கத்துப் படகு நங்கூரம் கழன்று உன் பக்கம் வருகிறது, அதில் ஆள் இல்லை என்றால்? ஹாரன் அடி, டார்ச் காட்டு, எல்லாரையும் எழுப்பு. பின்னால் இடம் இருந்தால் உன் கயிற்றை இன்னும் விட்டுப் பின்வாங்கு. முட்டுப் பையைத் தயாராக வை. அந்தப் படகில் ஏறி அவர் சங்கிலியை இன்னும் கொஞ்சம் விடுவது, ஆபத்து நேரத்தில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாத காரியம். தனியாகப் போகாதே, இன்னொரு படகுக்காரரையும் கூட்டிப் போ. உள்ளே அறைக்குள் நுழையாதே.

துறையில் கரைக் கட்டையில் கயிறு கட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் பக்கம் கரையில் கூட்டம் நெரியும், ஒரே கட்டையில் நாலைந்து கயிறு விழும். ஒருத்தர் கயிற்று வளையம் ஏற்கெனவே கட்டையில் இருக்கிறது. அதன் மேலேயே உன் வளையத்தைப் போட்டால், அவர் முதலில் கிளம்ப வேண்டும் என்றால் உன் கயிற்றை அவிழ்த்தாக வேண்டும். அதற்குப் பதிலாக உன் வளையத்தை அவர் வளையத்துக்குள் கீழிருந்து மேலாக நுழைத்து, அப்புறம் கட்டையில் மாட்டு. யார் முதலில் வேண்டுமானாலும் அடுத்தவர் கயிற்றைத் தொடாமல் கழற்றிக்கொண்டு போகலாம். மாப்பிள்ளை இதைச் செய்து பார்த்துவிட்டு, "இதை எந்த மகராசன் கண்டுபுடிச்சானுங் மாமா" என்றான். இந்த ஒரு வேலையைப் பார்த்தாலே ஆள் படகுக்காரனா இல்லையா என்று துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இடமே இல்லாமல் இன்னொருத்தர் படகோடு படகாகக் கட்ட வேண்டி வந்தால், கேட்டுவிட்டுக் கட்டு. முட்டுப் பை உன்னுடையது, கயிறும் உன்னுடையது. கரைக்குப் போக அவர் படகைத் தாண்ட வேண்டும் என்றால் முன்மூக்குப் பக்கமாகத் தாண்டிப் போ. பின்னால் அவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் கால் வைக்காதே. அவர் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்று ராத்திரியே கேட்டுக்கொண்டு, அதற்கு முன் எழுந்துவிடு.

கிளம்பும்போது, கையாலோ விசையாலோ படகு மொத்தத்தையும் சங்கிலியால் இழுக்காமல், இன்ஜினில் மெல்ல முன்னால் போய்த் தளர்ந்த சங்கிலியை மட்டும் ஏற்று. உன் நங்கூரத்துக்கு மேலேயே இன்னொரு படகு திரும்பி நின்றிருந்தால் அவரிடம் சொல், இன்ஜினைப் போட்டு ஒரு ஓரமாக ஒதுங்கித் தருவார். அவர் தூங்குகிறார், உனக்கும் அவசரமில்லை என்றால் காற்று திரும்பும்வரை இரு. சங்கிலியோடு வரும் சேற்றைக் கழுவிக் கழுவி ஏற்று, இல்லாவிட்டால் மூன்றாம் நாள் படகே நாறும்.

மாப்பிள்ளை போய் மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் ராத்திரி கூப்பிட்டான். துறையில் ஏகப்பட்ட கூட்டமாம்.

"பக்கத்துப் படகுக்காரருகிட்ட எவ்வளவு சங்கிலி விட்டிருக்கீங்கன்னு கேட்டனுங் மாமா."

"என்ன சொன்னாரு?"

"அவருக்கே தெரியலீங்க."

"அப்புறம்?"

"நங்கூரத்தைத் தூக்கிட்டு அந்தக் கோடிக்குப் போயிட்டனுங்க."